பாகும் பதமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எங்களுக்கு முன் பேசிய அறிஞர்கள் காப்பியத்தைப் பற்றியும் குறளைப் பற்றியும் பேசினார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டதோ அடுப்படிப் பொருள். திருநாள் தோறும் வீட்டில் காய்ச்சும் வெல்லப் பாகையும், அந்தப் பாகில் பிடிக்கும் பொரி உருண்டை, கடலை உருண்டை, எள்ளுருண்டை ஆகியவற்றையும் பற்றியே பேச வந்திருக்கிறோம். ஆண்டு விழா மேடையில் இதையா பேசுவது என்று சிலர் நகைக்கலாம். நகைத்தாலும் இறுதிவரை கேட்டருள வேண்டுகிறோம். உங்கள் முன் நிற்பவர் ஒருவரே. ஆயினும் பேசுவது ஒரு குடும்பம். ஆகையால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

இனிப்புக் கட்டியை ஆங்கிலத்தில் 'கேண்டி' என்கிறார்கள். நம் பிள்ளைகள் அதனை வெளிநாட்டுப் பண்டம் என்று எண்ணியிருக்கிறார்கள். அந்தச் சொல்லின் வழியைத் தேடிச் சென்றால் அது நம் நாட்டுக்கே வந்து சேர்கிறது. வடமொழியில் 'கண்டம்' என்றால் துண்டு. கட்டியான சர்க்கரைக்கும் அதுவே பெயர். அது பாரசீகத்தில் 'கந்த்' ஆயிற்று. அரபியில் 'கந்தி' ஆயிற்று. பிரெஞ்சு வழியே சென்று ஆங்கிலத்தில் 'கேண்டி' ஆயிற்று. நம் கற்கண்டில் உள்ள கண்டும் அதன் உறவே. எம்மொழி முந்தியது என்னும் வழக்கை அறிஞர்க்கே விட்டுவிடுவோம். நாம் தினமும் சொல்லும் 'மிட்டாய்' என்னும் சொல்லோ இந்த வடபுலத்திலிருந்து நம் ஊருக்கு வந்த சொல். சொற்களும் நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் குடியேறுகின்றன.

கரும்பும் அவ்வாறு குடியேறியதே. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த செய்தியை ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் பாடுகிறார். கருப்பஞ்சாறு காய்ச்சும் ஆலைகளைப் புகை சூழ்ந்திருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. அப்பம் செய்து விற்பவர்களுக்கு அக்காலத்தில் கூவியர் என்று பெயர். அவர்களையும் பாகையும் அந்நூல் சேர்த்தே சொல்கிறது. மதுரைக்காஞ்சியிலே மாங்குடி மருதனார் மதுரை நகரின் நள்ளிரவைக் காட்டுமிடத்து, மோதகமும் அடையும் விற்ற கூவியர் இருந்தபடியே உறங்கும் காட்சியைக் காட்டுகிறார். பகலெல்லாம் பாகு கிளறிய களைப்பு! அந்தக் களைப்பைத் தம் கையால் பாகு கிளறிய தாய்மார்கள் நன்கு அறிவார்கள்.

ஆகவே நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியத்துக்கு அயலானதன்று. அது போதும், இனி எங்கள் வீட்டுக்கு வருவோம்.

எங்கள் தந்தையார் மத்திய அரசு அலுவலகத்தில் பணி ஏற்றுத் தில்லிக்கு வந்தது 1961இல். மறு ஆண்டு அம்மா வந்தார். இரண்டு இரவுகள் ரயிலில் பயணம் செய்து, ஒரு தகரப் பெட்டி, ஒரு வெண்கல உருளி, ஓர் இரும்பு வாணலி, ஒரு மரத்துடுப்பு ஆகியவற்றோடு வந்து இறங்கினார். இந்த ஊர்க் குளிரையும் இந்த ஊர் மொழியையும் அவர் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தார். நிலக்கரி அங்கீட்டியில் சமையல். அதில் தணலைக் கூட்டுவது எளிது, குறைப்பது அரிது. பாகு காய்ச்சுவதற்கோ தணலைக் குறைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அங்கீட்டியிலும் அம்மா பாகு காய்ச்சினார். பின்னர் மண்ணெண்ணெய் அடுப்பிலும், அதன் பின்னர் எரிவாயு அடுப்பிலும் காய்ச்சினார். அடுப்பு மாறியதே ஒழிய உருண்டை மாறவில்லை.

கார்த்திகைத் தீபத்துக்குப் பொரி உருண்டை. அதற்கு நெற்பொரிக்கு எங்கே போவது? அம்மா வந்த முதல் ஆண்டில் அதுவே பெருங்கவலையாக இருந்ததாம். தீபாவளி வந்தது. கடைத்தெருவில் மலை மலையாக வெண்பொரி குவிந்து கிடந்தது. இவ்வூரார் தீபாவளியன்று இலக்குமிக்குப் படைக்கும் 'கீல்' என்பது வேறொன்றுமன்று, நம் நெற்பொரியே. அதனோடு 'பதாஷா' என்னும் சர்க்கரை வில்லையும், யானை குதிரை வடிவில் அச்சில் வார்த்த சர்க்கரைப் பொம்மைகளும் விற்கும். அம்மா பொரியை மட்டும் இரண்டு பங்கு அதிகமாக வாங்கி, தகரப் பெட்டியில் காற்றுப் புகாமல் மூடி வைத்தார். கார்த்திகைக்கு அது மொறுமொறுப்புக் குறையாமல் இருந்தது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் எங்கள் வீட்டில் உண்டு: தீபாவளிக் கடைவீதியில் கார்த்திகைக்கு வாங்குவது.

போகிக்கு முந்திய சனிக்கிழமை இரவு கடலை உருண்டையும் எள்ளுருண்டையும். அந்த இரவில் வீட்டில் யாருக்கும் ஓய்வு கிடையாது. தந்தையார் செய்தித்தாளை விரித்து, வறுத்த வேர்க்கடலையைத் தேய்த்துத் தோல் நீக்குவார். அலுவலகத்தில் கோப்பு நகர்த்தும் அதே நிதானம்! நாங்கள் பிள்ளைகள், முறத்தில் புடைத்துத் தோலைப் பறக்கவிடுவோம். பாதித் தோல் எங்கள் தலைமயிரில் ஒட்டியிருக்கும். அம்மா எள்ளைக் களைந்து, கல் அரித்து, நிழலில் உலர்த்தி, வெறும் வாணலியில் படபடவென்று வெடிக்கும் வரை வறுப்பார். இரண்டு பங்கு கடலைக்கு ஒரு பங்கு பொடித்த வெல்லம். பொரிக்கானால் ஆறு பங்கு முதல் எட்டுப் பங்கு வரைக்கும் ஒரு பங்கு வெல்லம். வெல்லத்தை நீர்விட்டுக் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பில் ஏற்றுவார். ஏலமும் சுக்கும் பொடித்துத் தயாராக இருக்கும்.

பாகு அடுப்பில் ஏறிவிட்டால் அம்மா பேசமாட்டார். யாரும் பேசக் கூடாது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். பாகின் நுரை பெரிதாகி, பின் சிறிதாகி, நிறம் கருக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார், விரலால் கூட்டுவார், எடுத்துத் தட்டில் போடுவார். மறுபடி ஒரு சொட்டு. மறுபடி ஒன்று. பிறகு, "ஆயிற்று" என்று ஒரே சொல். உடனே கடலை பாகில் விழும், துடுப்பு சுழலும், வாணலி இறங்கும். அதன் பின் பரபரப்பு. சூடு ஆறுமுன் பிடித்தாக வேண்டும். கையில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு எல்லாரும் பிடிப்போம். உள்ளங்கை சிவந்துவிடும். பிள்ளைகள் கைக்கு ஆறிய ஓரத்துக் கலவையே வரும். நடுவில் உள்ள சூடான பகுதி அம்மாவுக்கும் தந்தையாருக்கும். முதல் உருண்டை சுவாமி படத்தின் முன் செல்லும். வாணலியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்பது கடைசிப் பிள்ளையின் உரிமை. அதில் வழக்கு நேர்ந்த ஆண்டுகளும் உண்டு.

இந்த நிகழ்ச்சி நாற்பது ஐம்பது முறை எங்கள் கண்முன் நடந்தது. நாங்கள் பார்த்தோம், பிடித்தோம், தின்றோம். ஒன்று மட்டும் செய்யவில்லை. அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தில் எங்கள் விரலை விட்டுப் பார்க்கவில்லை. அம்மா இருக்கிறாரே என்று இருந்துவிட்டோம்.

2016ஆம் ஆண்டு ஆவணியில் அம்மா மறைந்தார். ஓராண்டு திருநாள் கொண்டாடவில்லை. அடுத்த ஆண்டு போகி நெருங்கியபோது எங்கள் மகள், அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, "பாட்டியின் உருண்டை இந்த ஆண்டு உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றோம். அம்மாவின் குறிப்பேடு இருந்தது. பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதிய பழைய நோட்டு. அதன் பின் பக்கங்களில் பலகாரக் குறிப்புகள். கடலை எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, நீர் எவ்வளவு, ஏலம் எத்தனை எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில், எங்கே எங்களுக்கு உதவி தேவையோ அங்கே, ஒரே ஒரு வரி: 'பதம் பார்த்து இறக்கவும்.'

எந்தப் பதம்? எப்படிப் பார்ப்பது? நோட்டில் இல்லை. அவர் எழுத மறந்தார் என்று சொல்ல மாட்டோம். அவருக்கு அது எழுத வேண்டிய செய்தியாகவே தோன்றவில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது எழுதி வைப்பார்களா?

முதல் முயற்சி: பாகு இளம்பதத்திலேயே இறங்கிவிட்டது. இரவு பிடித்து வைத்த உருண்டைகள் விடிவதற்குள் குழைந்து ஒன்றாகிப் பெட்டியின் அடியில் பலகைபோல் கிடந்தன. இரண்டாம் முயற்சி: எச்சரிக்கை மிகுந்து, பாகு முற்றிக் காந்திவிட்டது. கசப்பு. கல்லைப் போல் இறுகியது. ஒன்றரைக் கிலோ கடலை வீண். மகள் அதைப் பார்த்து இந்தியில், "எரிந்துவிட்டது" என்றாள். தமிழில் சொல் என்றோம். அவளுக்கு 'எரிந்துவிட்டது' என்பது ஒன்றே வந்தது. முறுகல், காந்தல், தீய்தல், கருகல் என்று நம் அடுப்படியில் நான்கு சொற்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு படி. முறுகல் தோசைக்குச் சிறப்பு. கருகல் எதற்கும் ஆகாது. சங்கத்தின் ஞாயிறு வகுப்பிலே எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை, பிழையின்றிக் குறள் ஒப்பிக்கும் குழந்தை, இந்த நான்கில் ஒன்றையும் அறியவில்லை. 'பதம்' என்றால் என்ன என்றும் கேட்டாள். அவள் இலக்கண வகுப்பில் படித்த பதம் வேறு: பகுபதம், பகாப்பதம். அன்று எங்களுக்கு உண்டான வருத்தம் கடலைக்காக அன்று.

அவையோரே, பாகு என்ன செய்கிறது என்பதைச் சற்று விளக்கிவிட்டு மேலே செல்கிறோம். வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், அதற்குமேல் ஏறாது. சர்க்கரை கரைந்த நீர் அப்படியன்று. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி வெளியேறும். இனிப்பின் பங்கு கூடும். கூடக் கூடக் கொதிநிலை ஏறும். ஆகவே பாகின் சூடு என்பது அதில் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்பதன் கணக்கு. தூய சர்க்கரைப் பாகில், விரலிடையில் கம்பிபோல் இழையும் பதத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு சர்க்கரை. தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும் பதம் 112 டிகிரி முதல் 116 வரை; அதில் 85 பங்கு. கெட்டியாக உருளும் பதம் 121 முதல் 130 வரை. அதில் 92 பங்கு. கண்ணாடிபோல் ஒடியும் பதம் 150 டிகிரியை ஒட்டியது. அதில் நீர் நூற்றுக்கு ஒரு பங்குதான். வெல்லத்தில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் இவ்வெண்கள் அதற்குச் சிறிது மாறும். அதிரசத்துக்கு உருண்டைப் பதம், பொரி உருண்டைக்கும் கடலை உருண்டைக்கும் தட்டில் போட்டால் ஒலிக்கும் கெட்டிப் பதம் என்று நம் மூதாட்டியர் பிரித்து வைத்தார்களே, அது நீரின் அளவைக் கண்ணாலும் விரலாலும் காதாலும் அளந்த அளவை.

ஒரு வெப்பமானி வாங்கினால் போதாதா என்று எங்கள் மகன் கேட்டான். நல்ல கேள்வி, வாங்கினோம். ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்கும். சிம்லாவில் 93க்கு அருகில். பாகின் பதமும் அந்த அளவுக்குக் கீழே வந்துவிடும். மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் நம் போன்றோர், ஒவ்வோர் ஊரிலும் கருவியின் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்துக்கோ அந்தத் திருத்தம் வேண்டுவதில்லை. அது சூட்டை அளப்பதில்லை. பாகையே நேரே அளக்கிறது. கும்பகோணத்தில் ஒலித்த பதமே சிம்லாவிலும் ஒலிக்கும். குடிபெயர்வோர்க்கு ஏற்ற கருவி அது.

மூன்றாம் முயற்சியைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார், அம்மாவை முப்பது ஆண்டுகள் 'பஹன்ஜி' என்று அழைத்தவர், காந்தல் வாசனை கேட்டு உள்ளே வந்தார். வாணலியைப் பார்த்தார், எங்கள் முகத்தையும் பார்த்தார். முதலில் அவர் கேட்டது வெல்லத்தைப் பற்றி. நாங்கள் வாங்கியது தின்பதற்கான இளகிய வெல்லம். அதை எவ்வளவு காய்ச்சினாலும் எளிதில் இறுகாது என்றார். நம் ஊரில் 'பாகு வெல்லம்' என்று தனியே கேட்டு வாங்குவதன் பொருள் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. அவர் தம் வீட்டிலிருந்து கஜக் செய்ய வைத்திருந்த கெட்டி வெல்லத்தைக் கொண்டுவந்தார். பாகுக்கு அவர் மொழியில் 'சாஷ்னி'. ஒற்றைக் கம்பிப் பதத்துக்கு 'ஏக் தார்', அதாவது ஓர் இழை. அவர்கள் இழை என்கிறார்கள். நாம் கம்பி என்கிறோம். இரண்டும் ஒரே விரலிடையில் தோன்றுவது!

அதே நேரத்தில் கும்பகோணத்திலுள்ள எங்கள் சித்தியைத் தொலைபேசியில் அழைத்தோம். அம்மாவின் தங்கை; எண்பதை நெருங்கியவர். அடுப்பருகே மகள் நின்றாள். தொலைபேசி அவள் காதருகே. சித்தி சொன்னார்: "கண்ணு, தண்ணீரிலே ஒரு சொட்டு விடு. கரைகிறதா, நிற்கிறதா?" "நிற்கிறது பாட்டி." "உருட்டிப் பார். வளைகிறதா?" "வளைகிறது." "இன்னும் ஆகவில்லை. பொறு. தீயைக் குறை." சற்று நேரம் கழித்து, "இப்போது எடுத்துத் தட்டில் போடு. நான் கேட்கிறேன்" என்றார். மகள் போட்டாள். 'டங்' என்று ஒலித்தது. "கேட்டது! இறக்கு, இறக்கு!" என்று சித்தி அங்கே கூவினார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பாகின் பதத்தைக் காதால் பார்த்தவர் அவர்.

அன்று பிடித்த உருண்டைகள் அம்மாவின் உருண்டைகள் போல் ஒரே அளவாக இல்லை. சில கோழி முட்டை அளவு; சில நெல்லிக்காய் அளவு. ஆயினும் நின்றன. பத்து நாள் கழித்தும் கடித்தால் ஒலித்தன. மறுநாள் அம்மாவின் நோட்டிலே, 'பதம் பார்த்து இறக்கவும்' என்ற வரிக்குக் கீழே, மகள் தன் கையால் தமிழில் எழுதினாள்: 'தட்டில் போட்டால் டங் என்று கேட்க வேண்டும். வளைந்தால் ஆகவில்லை.' 'வளைந்தால்' என்பதில் ளகரத்துக்கு லகரம் எழுதியிருந்தாள். நாங்கள் திருத்தவில்லை.

அவ்வாண்டு லோஹ்ரி இரவு, பக்கத்து வீட்டார் மூட்டிய தீயைச் சுற்றி நாங்களும் நின்றோம். லோஹ்ரி சனவரி 13. நம் போகி பெரும்பாலும் அதே நாள், சில ஆண்டுகளில் மறுநாள். அவர்கள் தீயில் எள்ளும் பொரியும் இட்டுக் கடலையும் ரேவடியும் கஜக்கும் பங்கிடுகிறார்கள். அதே வாரத்தில் மராட்டியர் தில்குள் கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்று ஒருவரையொருவர் வேண்டுகிறார்கள். கன்னடர் எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கடலையும் கலந்து, கரும்போடும் சர்க்கரை அச்சோடும் வீடு வீடாகத் தருகிறார்கள். பீகாரின் கயையில் எள்ளையும் வெல்லத்தையும் இடித்துத் தில்குட் செய்கிறார்கள். வங்காளத்தில் பேரீச்சமரத்துப் புதுவெல்லத்தின் மணம் வீசும் காலம் அது. கதிரவன் வடக்கே திரும்பும் அந்நாளில், புதுவெல்லமும் எள்ளும் வந்து சேரும் அப்பருவத்தில், நாடெங்கும் ஏதோ ஓர் அடுப்பில் பாகு கொதிக்கிறது. நாம் கொடுக்கும் உருண்டைக்கு ஈடாகக் கஜக் வருகிறது. இந்தப் பண்டமாற்றில் இதுவரை யாரும் நட்டப்பட்டதில்லை.

இனி, நாங்கள் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

இன்று கடையில் எல்லாம் கிடைக்கிறது. கரோல் பாக்கிலும் முனீர்க்காவிலும் நம் ஊர்ப் பண்டங்கள் விற்கும் கடைகள் உள்ளன. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அது இங்கே வீட்டு வாயிலுக்கே வந்து சேர்கிறது. அது மிக நல்ல பண்டம். எங்கள் வீட்டிலும் வாங்குகிறோம். கடைக்காரர் மீது எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் நேரம் இல்லை என்பதையும் அறிவோம். சர்க்கரை நோய்க்கு அஞ்சுவோர் பலர் என்பதையும் அறிவோம். எங்கள் வீட்டிலேயே ஒருவர் ஓர் உருண்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியவர். ஆகவே நிறையச் செய்யுங்கள், நிறையத் தின்னுங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. கால் கிலோ கடலையில் செய்தாலும் போதும்.

கடையில் வாங்கினால் உருண்டை வந்துவிடும், பதம் வராது. பதம் என்பது பண்டத்தில் இல்லை, கையில் இருக்கிறது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, அருகில் நின்றால்தான் அது இறங்கும். அதோடு சேர்ந்து சொற்களும் இறங்கும். இளம்பதம், முற்றல், கம்பி, காந்தல், கிளறு, துழாவு, பிடி, உருட்டு: இவை பாடநூலில் அகரவரிசையில் அடுக்கிக் கற்பிக்கும் சொற்கள் அல்ல. அடுப்பருகில் அவசரத்தில் ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டுக் கற்பவை. அங்கே குழந்தை இந்தியில் விடை சொன்னால் பாகு காத்திருக்காது! வேற்று மாநிலத்தில் வாழும் நமக்குத் தமிழ் வாழும் இடங்கள் சில. சங்க மேடை ஒன்று; ஞாயிறு வகுப்பு ஒன்று; பூசை அறை ஒன்று; அடுப்படி ஒன்று. முதல் மூன்றையும் காப்பதற்கு நாம் குழு அமைத்திருக்கிறோம். நான்காவதைத் தாய்மார்களிடம் விட்டுவிட்டு, அவர்கள் எப்போதும் இருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் அவ்வாறு எண்ணியவர்கள். எண்ணியதற்கு விலையும் கொடுத்தவர்கள். ஆண்மக்களும் இதில் விலகி நிற்கலாகாது. எங்கள் தந்தையார் கடலைத் தோல் நீக்குவதோடு நின்றார். எங்கள் மகன் இன்று பாகே காய்ச்சுகிறான்.

ஆகவே செயற்குழுவினர்க்கு ஒரு சிறு வேண்டுகோள். கார்த்திகைக்கு முன் ஒரு சனிக்கிழமையும், போகிக்கு முன் ஒரு சனிக்கிழமையும், நம் காலனியில் சில வீடுகளின் அடுப்படியைத் திறந்து வைப்போம். சமையற்காரரை அழைத்து அண்டாவில் கிண்ட வேண்டாம். அது மற்றொரு கடையாகிவிடும். ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு பிள்ளைகள், ஒரு மூதாட்டியார் அல்லது பெரியவர், ஒரு வாணலி, ஒரு கிண்ணம் தண்ணீர். சிறு பிள்ளைகள் கடலை புடைக்கட்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள், பெரியவர் கைப்பிடியில், தண்ணீரில் விழுந்த சொட்டைத் தொட்டுப் பார்க்கட்டும். கொதிக்கும் பாகு வெந்நீரைவிடக் கொடியது. தோலில் ஒட்டிக்கொண்டு விடாது. அதனால் வாணலியின் அருகே விளையாட்டு வேண்டாம். குளிர்ந்த நீர் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பிள்ளையும் வங்காளிப் பிள்ளையும் வந்தால் வரவேற்போம். அவர்களும் 'பதம்' என்னும் சொல்லைக் கற்றுச் செல்லட்டும். நம் பிள்ளைகள் 'சாஷ்னி'யை ஏற்கெனவே கற்றிருக்கிறார்கள்.

இறுதியாக ஒன்று. உங்கள் வீட்டில் அம்மாவோ, மாமியாரோ, அத்தையோ, பாட்டியோ இருந்தால், இந்த ஆண்டு அவர்கள் பாகு காய்ச்சும்போது அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய பின் நோட்டை மூடிவிட்டு விரலை அந்தக் கிண்ணத்தில் விடுங்கள். அவர்கள் 'ஆயிற்று' என்று சொல்வதற்கு ஒரு நொடி முன்னதாக நீங்கள் சொல்லப் பாருங்கள். ஒருமுறை தவறும், இருமுறை தவறும். தவறட்டும். பக்கத்தில் அவர்கள் இருக்கும்போது தவறினால் அது பாடம். அவர்கள் இல்லாதபோது தவறினால் எத்தனை வருத்தம் என்பதை நாங்கள் அறிவோம்.

கார்த்திகைக்குப் பொரி வாங்கி வைத்திருக்கிறோம். பெட்டி நிறைய இருக்கிறது. வேண்டுவோர் எங்கள் வீட்டுக்கு வரலாம்.